கறுப்புக் கல்ல முட்டாய்

என் சமையலறைப் பரணில் ஓர் எனாமல் தட்டு இருக்கிறது. வெள்ளைத் தட்டு, நீல விளிம்பு. இரண்டு இடத்தில் பூச்சு பெயர்ந்து உள்ளே கறுப்பு தெரிகிறது. நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கத்தி கீறிய கோடுகள், பல வருடம் ஒரே இடத்தில் விழுந்து ஆழமானவை. வருடத்துக்கு ஒருமுறை, டிசம்பரில், அதைக் கீழே இறக்குவேன். மற்ற நாட்களில் யாரும் தொடக் கூடாது. என் மருமகள் ஒருமுறை அதைப் பழைய பாத்திரக்காரனுக்குப் போட எடுத்து வைத்துவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "ஒரு ஓட்டைத் தட்டுக்கா மாமி இவ்ளோ?" என்று கேட்டாள். தட்டில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் அவள் கேட்டது நியாயம்தான். தட்டைத் துடைத்து மறுபடி பரணில் ஏற்றினேன்.

டிசம்பர் பிறந்துவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன். வாசலுக்கு எதற்கு வந்தேன் என்று மறந்து நிற்பேன். அதற்குள் பால் பொங்கி வழிந்திருக்கும். கிறிஸ்துமஸ் வேலை அதிகம் போலிருக்கிறது என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். என்ன பெரிய வேலை! கேக் கடையிலிருந்து வருகிறது, முறுக்கு பாக்கெட்டில் வருகிறது. நான் கையால் செய்வது ஒன்றே ஒன்று, வேர்க்கடலை போட்ட சாக்லேட். அதைக் கிளறி, இந்தத் தட்டில் ஊற்றி, துண்டு போட்டு, அதற்கு உரியவன் வாங்கிக்கொண்டு போகும்வரை எனக்கு மூச்சு சீராக வராது. ஐம்பது வருடத்துக்கு மேலாக இப்படித்தான். இதற்குக் காரணம் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை. இல்லை, பொய் சொல்லக் கூடாது. காரணம் நான்தான்.

சொந்த அத்தை அல்ல. அப்பா அவரை அக்கா என்றார், அம்மா அண்ணி என்றாள், ஆகவே எனக்கு அத்தை. கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் ஏரிக்குப் போகிற வழியில், எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் மொத்தம் ஒன்பது வீடுகள். எங்களையும் சேர்த்து எட்டு வீட்டுக்காரர்கள் மனை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். ஆபீஸ் குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், ஞாயிறானால் துவைத்துத் தேய்த்த வெள்ளை உடுத்தி சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஒன்பதாவது வீடு அத்தையுடையது. எங்கள் மனைகள் எல்லாமே ஒரு காலத்தில் அவர்கள் நிலம். விற்றது போக மிஞ்சியதில் அத்தையும் அவர் கணவரான மாமாவும் வேர்க்கடலை போட்டார்கள். நான்கு மாடுகள் வைத்துத் தெரு முழுவதற்கும் பால் ஊற்றினார்கள். அத்தை ஆள் வாட்டசாட்டம். அவர் வாசலில் நின்று பேசினால் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவருக்குக் கேட்கும் என்று அப்பா கிண்டல் செய்வார். எங்கள் வீட்டுக்குள் வந்தால் கூடத்தில் நிற்கவே மாட்டார், நேரே சமையலறைதான். "டீச்சரம்மா, இன்னா கொயம்பு இன்னிக்கி?" என்று கேட்டுக்கொண்டே மூடியைத் திறந்து பார்த்துவிடுவார். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளைக் கண்ணாலேயே அடக்குகிற என் அம்மா, அத்தை மூடியைத் திறப்பதை மட்டும் சிரித்துக்கொண்டு பார்த்திருப்பாள்.

அந்த சாக்லேட் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்தது. கோகோ டப்பாவை அப்பா பாரிமுனையிலிருந்து வாங்கி மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். பாலும் வேர்க்கடலையும் அத்தை வீட்டிலிருந்து. சர்க்கரை ரேஷன் சர்க்கரை. தீபாவளி முடிந்த மறுநாளிலிருந்தே எங்கள் காபியில் இனிப்பு பாதியாகிவிடும், மீதி மூடி போட்ட ஒரு பித்தளைப் போணியில் கிறிஸ்துமஸுக்காகச் சேரும். பாலையும் சர்க்கரையையும் கோகோவையும் வெண்ணெயையும் கனத்த வாணலியில் காய்ச்ச வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் விரலுக்கடியில் மெத்தென்று உருள வேண்டும், கடினமாகக் கூடாது. பிறகு இறக்கி வைத்து, வறுத்துத் தோல் ஊதிய வேர்க்கடலையைக் கொட்டி, வேகவேகமாக அடிக்க வேண்டும். பளபளவென்று இருக்கிற பாகு, அடிக்க அடிக்க, ஒரு கணத்தில் மங்கும். அந்தக் கணத்தில் தட்டில் ஊற்றிவிட வேண்டும். முந்தினால் ஒரு வாரமானாலும் கையில் ஒட்டும். பிந்தினால் வாணலியிலேயே கல்லாகிவிடும். இது ஒற்றை ஆள் செய்கிற காரியமே இல்லை. ஒருவர் அடிக்க வேண்டும், இன்னொருவர் வெண்ணெய் தடவிய தட்டை வைத்துக்கொண்டு பாகின் முகத்தையே பார்க்க வேண்டும். அடிப்பது அத்தை, பார்ப்பது அம்மா. "இப்ப அண்ணி, இப்ப!" என்று அம்மா கத்துவாள். "இரு டீச்சரம்மா, இன்னும் நாலு சுத்து!" என்று அத்தை அதைவிடப் பலமாகக் கத்துவார். இருவருக்கும் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஆனால் ஒரு வருடம்கூட பதம் தவறியதில்லை. அம்மா அதை சாக்லேட் என்றாள். கடலை மிட்டாய் அத்தை வாயில் கல்ல முட்டாய்; அவருக்கு இது கடைசிவரை கறுப்புக் கல்ல முட்டாய்தான்.

கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் மாலை எட்டு வீட்டுக்கும் தட்டு போகும். அத்தை வீட்டுக்கு மட்டும் பாகு ஊற்றிய எனாமல் தட்டே, பாதித் துண்டுகளோடு அப்படியே போகும். கிளறிய கைக்கு அது மரியாதை என்று அம்மா சொல்வாள். போன தட்டு வெறுமையாகத் திரும்பாது. வீட்டில் பட்சணம் எதுவும் இல்லையென்றால், கழுவித் துடைத்து, ஒரு பிடி சர்க்கரையாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். தீபாவளிக்கு அவர்கள் தட்டு அதிரசத்தோடு வந்தால் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அன்றைக்கு ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும், ஒரு பிடி சர்க்கரை என்றால் என்ன என்று.

எனக்குப் பதினைந்து வயதான வருடம், தீபாவளி கழிந்த அடுத்த வாரம், அம்மா துணி துவைக்கிற கல்லருகில் குனிந்து இருமினாள். நிமிர்ந்தபோது முந்தானையில் சிவப்பாக இருந்தது. இரண்டே நாளில் ஒரு ஸ்டேஷன் தள்ளி இருந்த டி.பி. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எத்தனை மாதம் என்று அப்பா கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்களாம். அன்றிலிருந்து அப்பா உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. ஆபீஸ், ஆஸ்பத்திரி, வீடு. வீட்டிலும் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பார். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் காலடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். தெருவில் யாரும் எங்களை ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. வந்து விசாரித்தார்கள், வாசற்படிக்கு வெளியே நின்று விசாரித்தார்கள், அவ்வளவுதான்.

அத்தை வாசற்படிக்குக்கூட வரவில்லை. பாலை மட்டும் நிறுத்தவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில் ஒன்று இருந்தது. அதன் மேல் நான் பாத்திரத்தை வைத்துவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டும். அத்தை வந்து, உயரத் தூக்கி, சொம்பு பாத்திரத்தில் படாமல் ஊற்றிவிட்டுப் போவார். "டீச்சரம்மா எப்டி கீது?" என்று கேட்பார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் முதுகு காட்டிவிடுவார். அவருடைய மகள் அப்போது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாக நின்ற கர்ப்பம். இது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரிந்திருந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் குழம்பு மூடியைத் திறந்த கை, இப்போது எங்கள் பாத்திரத்தில் சொம்பு படாமல் பார்த்துக்கொள்கிறதே என்று வயிறு எரிந்தது.

டிசம்பரில் அம்மா அப்பாவிடம் சொல்லி அனுப்பினாள்: இந்த வருடமும் தட்டு போக வேண்டும், நான் இல்லையென்று நின்றுவிடக் கூடாது. அப்பா அதை என்னிடம் சொல்லிவிட்டு, தாமே, "வேணாம்மா, விட்டுடு. யார் செய்யறது?" என்றார். நான் செய்கிறேன் என்றேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அம்மா கேட்டது அது ஒன்றைத்தான். இந்தத் தெருவில் தனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று அவள் கேட்கிறாள் என்பது எனக்கு அந்த வயதிலேயே புரிந்தது. அத்தையிடம் கடலை கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டிக் கடைத்தெருவில் வாங்கினேன். அப்பா ஆபீஸ் போயிருந்த பகலில் தனியாகவே அடுப்பை மூட்டினேன். பாகு வந்தது, கடலையைக் கொட்டி அடித்தேன், மங்குகிறதா என்று குனிந்து பார்த்தேன், இன்னும் இல்லை, தட்டை எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது கரண்டி வாணலியில் நட்டுக்கொண்டு நின்றது. இரண்டு மாதம் சேர்த்த சர்க்கரையில் பாதி கல்லாகிவிட்டது. தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மறுநாள் ஞாயிறு. அப்பாவைத் தட்டோடு நிற்க வைத்து மீதியைக் கிளறினேன். "இப்பவா? இப்பவா?" என்று அவர் விநாடிக்கு ஒருதரம் கேட்டுக்கொண்டே இருந்தார். சுமாராக வந்தது. அம்மாவின் கோடுகளின் மேலேயே கத்தியை வைத்துத் துண்டு போட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் மாலை தட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்ற ஏழு வீடுகளில் அதைத் தின்றார்களா, என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அத்தை வீட்டுக்கு எனாமல் தட்டு. அத்தை மதிலருகே வந்தார். "இன்னாத்துக்கு கண்ணு இதெல்லாம் இந்த நேரத்துல? சரி, மேல வெச்சுட்டுப் போ" என்றார். வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, கிணற்றடியில் கால் கழுவும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் கோழிகளின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். எருக்குழியின் ஓரத்தில் என் சாக்லேட் துண்டுகள் கிடந்தன. கோழிகள் கடலையை மட்டும் கொத்தித் தின்றுகொண்டிருந்தன. துண்டு ஒன்றுகூடக் கடிபட்டிருக்கவில்லை. வெட்டியது வெட்டியபடி, மூலை மழுங்காமல் கிடந்தன. மதிலின் மேல் எங்கள் தட்டு இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி அலசியிருக்க வேண்டும், அப்படி ஒரு வெண்மை. அதன் நடுவே, முறை தவறாமல், ஒரு பிடி சர்க்கரை.

அந்தச் சர்க்கரைதான் என்னைக் கொன்றது. அது இல்லாதிருந்தால் ஒருவேளை வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருப்பேன். தட்டை எடுத்தேன். கிறிஸ்துமஸுக்குத் தைத்த புதுப் பாவாடையோடு தெருவைச் சுற்றிக்கொண்டு அவர்கள் வாசலுக்குப் போனேன். அத்தை கோலத்தருகில் நின்றிருந்தார். பின்னால் நிலைப்படியில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சர்க்கரையை அவர் காலடியில் கொட்டினேன். "எங்கம்மா கையால செஞ்சதுகூட இல்ல அத்தை அது, நான் செஞ்சேன்!" என்று கத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "உங்க வீட்ல பொறக்கறதும் இருமட்டும்! அப்பத் தெரியும் உங்களுக்கு!" என்றேன்.

அத்தை என்னை அடிப்பார் என்று நினைத்தேன். திட்டுவார், ஊரைக் கூட்டுவார் என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய குரல்காரர் ஆயிற்றே! அவரோ திரும்பிப் போய் மகளின் இரண்டு காதுகளையும் தன் கைகளால் பொத்திக்கொண்டார். நான் சொல்லி முடித்த பிறகு பொத்தி என்ன பயன்? ஆனாலும் பொத்தினார். அந்தக் கைகளை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அன்று மாலை அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் கேள்வி, "அண்ணி என்ன சொன்னாங்கன்னு அம்மா கேட்டா" என்பதுதான். நல்லா இருக்கிறது என்று சொன்னார்கள் என்றேன். அடுத்த வாரம் அப்பா வந்து, "அம்மாவுக்கு அவ்ளோ சந்தோஷம்மா. பக்கத்துக் கட்டில்காரங்ககிட்டல்லாம் சொல்லியிருக்கா" என்றார். நான் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அதன் பிறகு மதிலின் மேல் பால் வரவில்லை. பாலுக்கு நான் சேலையூர் வரை நடந்தேன். தை மாதம் பக்கத்து வீட்டில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. ஆண் குழந்தை என்று தெருவில் சொன்னார்கள். சந்தோஷப்படுவதற்குப் பதிலாக எனக்கு வேறொரு பேஜார் பிடித்துக்கொண்டது. கிணற்றடிக்குப் போனாலும், கொல்லையில் துணி உலர்த்தினாலும், என் காது மதிலுக்கு அந்தப் பக்கமே இருந்தது. குழந்தை தும்மினால் கை நின்றுவிடும். ஒருநாள் அது இரண்டு மூன்று தடவை தொடர்ந்து இருமியது. நான் ஈரப் புடவையைப் பிழிந்த கையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆண்டவரே, நான் சொன்னது என்னோடு போகட்டும் என்று எத்தனை முறை ஜெபம் செய்தேன் என்பதற்குக் கணக்கில்லை. பரீட்சையில் கணக்குத் தாளில் என்ன எழுதினேன் என்றே தெரியாது. எப்படியோ பாஸானேன்.

அம்மா ஆடி மாதத்தில் வீடு வந்தாள். சளிப் பரிசோதனையில் இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை அப்பா நான்காக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார், யாராவது கேட்டால் காட்டுவதற்கு. யாரும் கேட்கவில்லை. அம்மா பாதியாக இளைத்திருந்தாள். கொல்லையில் ஸ்டூலைப் போட்டு மதிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். "அண்ணி ஏன் ஒரு தடவகூட எட்டிப் பாக்கல? நல்லாருக்குன்னு சொல்லியனுப்புனவங்க" என்று கேட்பாள். குழந்தை இருக்கிறது, வேலை இருக்கும் என்று நான் ஏதாவது உளறுவேன். அம்மா என்னைப் பார்ப்பாள். டீச்சர் பார்வை. நான் தண்ணீர் இழுக்கப் போய்விடுவேன்; நிறைந்த தொட்டியில் மறுபடியும் தண்ணீர் ஊற்றுவேன்.

மறுபடி டிசம்பர் வந்தது. அப்பா கோகோ டப்பாவோடு வந்தார். அம்மா டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம், "எனக்குக் கிளற பலம் இல்ல. நீ போயி அத்தையக் கூட்டிக்கிட்டு வா" என்றாள். நாளைக்குப் போகிறேன் என்றேன். நாளைக்கு என்பது நாலு நாளாயிற்று. ஐந்தாம் நாள் அம்மாவே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் போய் அத்தை வாயால் கேட்பதைவிட நான் செத்துப்போகலாம் என்று தோன்றியது. "நீ இரும்மா, நான் போறேன்" என்று ஓடினேன்.

அத்தை மாட்டுக் கொட்டகையில் இருந்தார். இடுப்பில் பேரன், பதினோரு மாதம், கறுகறுவென்று திருஷ்டிப் பொட்டு. பிரசவத்துக்கு வந்த மகள் இன்னும் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை; வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தாளாம். என்னைப் பார்த்ததும் அத்தை குழந்தையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார், எனக்கு எட்டாத பக்கத்துக்கு. "தெரியாம சொல்லிட்டேன் அத்தை" என்றேன். அழுகை வந்தது.

"தெரியாம சொல்லல நீ" என்றார் அத்தை. "தெரிஞ்சுதான் சொன்னே. எனுக்கு எங்க நோவும்னு தெரிஞ்சு அங்க குத்துனே." குனிந்து மாட்டுக்கு ஒரு கை வைக்கோலைத் தள்ளினார். பிறகு அவராகவே பேசினார். "நானு கொட்னதும் தப்புதான். டீச்சரம்மா கையால எவ்ளோ துன்னுருக்கேன். ஆனா எம்பொண்ணு ரெண்டு தபா வெறும் வயித்தோட நின்னாளே, அத்தப் பாத்தவ நானு. பயந்துட்டேன் கண்ணு. இதோ, இத்தினி மாசம், இந்தக் கொயந்த ஒரு தபா இருமுனா ஒன் மூஞ்சிதான் கண்ணு முன்னால வருது. மாமாகிட்டகூட நானு சொல்லல. சொன்னா பலிச்சுருமோன்னு சொல்லல." எனக்கும் அப்படித்தான் அத்தை, எனக்கும் அப்படித்தான் என்று தேம்பினேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் முந்தானையால் குழந்தையின் மூக்கைத் துடைத்த கையோடு, அதே முந்தானையால் என் மூக்கையும் துடைத்துவிட்டார். "போ. கல்லய வறுக்கச் சொல்லு. பாலு கறந்து எடுத்துக்கினு வர்றேன்" என்றார்.

வந்தார். பதின்மூன்று மாதம் கழித்து அந்தக் குரல் எங்கள் சமையலறைக்குள் வந்தது. அம்மா அடுப்புக்குத் தள்ளி, ஜன்னலோரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரவில்லை. "ஏன் அண்ணி இவ்ளோ நாளா வரல? போன வருஷம் இவ செஞ்சது நல்லாருக்குன்னு சொன்னீங்களாமே" என்று கேட்டாள். நான் தட்டில் தடவிய வெண்ணெயையே மறுபடியும் தடவினேன். அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. "ஆமா டீச்சரம்மா, சோக்கா இருந்துச்சு. அப்பால மாடு ரெண்டு கன்னு போட்டுச்சா, கொயந்த வேற, எங்க ஒயியுது?" என்றபடி கரண்டியை வாங்கிக்கொண்டார். என் மானத்தை அவர் காப்பாற்றினார். அவர் கொட்டியதை அம்மாவிடம் சொல்லாமல் நானும் அவர் மானத்தைக் காப்பாற்றியிருந்தேன். அதற்கு மேல் அங்கே யாரும் பழைய பேச்சைப் பேசவில்லை.

பாகு இறங்கியது. அத்தை அடித்தார். அம்மா ஜன்னலோரத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்து, "இப்ப அண்ணி!" என்றாள், சத்தம் வராத குரலில். "இரு, நாலு சுத்து!" என்றார் அத்தை, பழையபடியே பெரிதாக. ஊற்றியாயிற்று. உறைந்ததும் அம்மா எட்ட இருந்தே சொல்ல, நான் கோடுகளின் மேல் கத்தி போட்டேன். பேரன் தரையில் தவழ்ந்து வந்து அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அத்தை அவனைத் தூக்கி அம்மாவிடம் நீட்டினார். அம்மா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம் அண்ணி. டாக்டர் சரின்னுட்டாரு. ஆனா நான் தூக்க மாட்டேன், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள். அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டார். தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். கடலையை மட்டும் தாம் விழுங்கிக்கொண்டு, கரைந்த சாக்லேட்டை விரல் நுனியில் எடுத்துக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனார்.

"அத்தை, குழந்தைக்கு வேணாம்!"

கத்தியது நான்தான். யோசித்துக் கத்தவில்லை, தானாக வந்துவிட்டது. டாக்டர் எழுதிய காகிதம் அப்பாவின் பையில் இருந்தது, அம்மா அந்தத் தட்டைத் தொடக்கூட இல்லை, எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் என் கை நீண்டு அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. ஒரு வருடத்துக்கு முன்னால் எருக்குழியில் கொட்டிய கையும் இப்படித்தானே யோசிக்காமல் நீண்டிருக்கும் என்று அந்த விநாடியில் எனக்குத் தெரிந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அன்று எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது; சாகும்வரை அவள் கேட்கவுமில்லை. அத்தை என் கையை மெல்ல விலக்கினார். "பயந்துக்கினியா? பயப்படாத" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பிறகு விரலைக் குழந்தையின் வாயில் வைத்தார். அவன் சப்புக்கொட்டினான். இன்னும் வேண்டும் என்று விரலைக் கடித்தான்.

அம்மா அதன் பிறகு முப்பது வருடம் இருந்தாள். அத்தை அவளுக்கும் பின்னால் போனார். வேர்க்கடலை போட்ட நிலமெல்லாம் அடுக்குமாடி ஆகிவிட்டது. நானே அதில் ஒன்றில்தான் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். அந்தப் பேரனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நாவலூரில் ஒரு கம்பெனியில் பெரிய வேலை, தலையில் பாதி முடி இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முதல்நாள் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். அடிப்பது அவன், தட்டோடு நிற்பது நான். "இப்படா, இப்படா!" என்று நான் கத்த, "இருங்கக்கா, இன்னும் நாலு சுத்து" என்பான். அதை யார் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

போன வருடம் அடித்துக்கொண்டிருக்கும்போது பாகின் ஆவி ஏறியோ என்னவோ, இருமினான். நான் பாகை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் சிரித்துவிட்டான். "யார் இருமுனாலும் கண்டுக்க மாட்டேங்கறீங்க. நான் இருமுனா மட்டும் ஏன்க்கா இப்படிப் பாக்கறீங்க? எங்க ஆயாவும் சாகறவரைக்கும் இப்படித்தான்" என்றான், தன் பாட்டியான அத்தையைச் சொல்லி. சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். நாக்கின் நுனிவரை வந்தது. அத்தை சொல்லாமல் போனதை நான் எப்படிச் சொல்வேன்? "பாகப் பாருடா, மங்குது" என்றேன்.

தட்டைப் பாதித் துண்டுகளோடு அவனிடம் கொடுத்தேன். புத்தாண்டுக்கு மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தான். கழுவித் துடைத்து, நடுவில் ஒரு பிடி சர்க்கரை. அந்த வீட்டுத் தட்டை வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்று ஆயா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாராம். அவன் லிஃப்டில் இறங்கிப் போனதும் நான் கதவைச் சாத்தினேன். ஈரமில்லாத போணி ஒன்றை எடுத்து, தட்டைச் சாய்த்து, சர்க்கரையை அதில் போட்டேன். கத்திக் கோடுகளுக்குள் கொஞ்சம் சிக்கியிருந்தது. விரலால் தடவி, கீழே ஒரு மணிகூடச் சிந்தாமல், அதையும் எடுத்துப் போட்டு மூடினேன்.